கறுப்புக்குள் இருக்கும் அணில்: லினோவில் விலங்குகளைச் செதுக்குவது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சு எடுப்பதற்கான லினோ என்ற தரைவிரிப்புப் பொருளில் ஒரு ஷீட்டும் ஐந்து உளிகள் உள்ள ஒரு செட்டும் வாங்கி, போனில் இருந்த படத்தைப் பார்த்து ஓர் ஆந்தையைச் செதுக்கியிருக்கிறீர்கள். அச்சு எடுத்தால் ஆந்தை ஒரே கறுப்புப் பிண்டமாக வந்திருக்கிறது. பறவைகளையும் விலங்குகளையும் லினோவில் எப்படிச் செதுக்குவது, பிரஸ் என்கிற அச்சு இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே நல்ல அச்சு எடுக்க முடியுமா, எந்த மை, எந்தக் காகிதம் என்று கேட்கிறீர்கள். பதினாறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். செதுக்கியதில் பாதிக்கு மேல் தஞ்சைப் பக்கம் வாய்க்கால் கரையில் பார்த்த உயிர்கள்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய அச்சைப் பார்த்தேன். உளியில் கோளாறு இல்லை, உங்கள் கையிலும் இல்லை. வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைவது போலவே லினோவிலும் வரைந்துவிட்டீர்கள். பென்சில் இருட்டை வரையும். வெள்ளைத் தாளில் நாம் எங்கெல்லாம் கோடு போடுகிறோமோ அங்கெல்லாம் கறுப்பு வரும். லினோவில் கைபடாத பிளாக்கை, அதாவது செதுக்க எடுத்த லினோத் துண்டை, மை தடவி அச்சடித்தால் முழுக் கறுப்பு. உளி தோண்டிய இடத்தில் மை ஏறாது, அங்கே காகிதத்தின் வெள்ளை தெரியும். அதாவது உளி போகிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறீர்கள். உங்கள் ஆந்தையில் பென்சில் கோடு போன வழியிலேயே உளியையும் ஓட்டியதால், கறுப்புப் பிண்டத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வேலி போட்டது போல் ஆகிவிட்டது. உடம்புக்குள் வெளிச்சமே விழவில்லை.

இதைச் சரிசெய்ய லினோ தேவையில்லை. கடையில் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பல்பமும் வாங்குங்கள். ஒரு வாரம் சிலேட்டில் மட்டும் வரையுங்கள். ஒரு கோழியை, ஒரு பூனையை, வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயை. ஒரே ஒரு விதி: ஓரக்கோடு போடக் கூடாது. வெயில் படுகிற இடத்தில் மட்டும் பல்பத்தை ஓட்டுங்கள். நாயின் முதுகு, காது மடல், மூக்கின் மேல்பக்கம். நிழலில் இருப்பதை அப்படியே கறுப்பாக விட்டுவிடுங்கள். நாலாவது நாள் பார்த்தால், வயிற்றுப் பக்கம் கோடே இல்லாமல் நாய் முழுசாகத் தெரியும். பார்க்கிறவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். வீட்டில் கோலம் போடுகிறவர்கள் இருந்தால் அவர்கள் கையைக் கவனியுங்கள். சாணம் தெளித்த கருந்தரையில் வெள்ளை மாவை விடுகிற அந்தக் கைக்கு லினோ சீக்கிரம் பிடிபடும். என்னிடம் கற்க வந்தவர்களில் வேகமாக முன்னேறியவர்கள் பெரும்பாலும் கோலம் போட்டுப் பழகிய பெண்கள்தான்.

முதல் விலங்காக ஆந்தையை எடுக்காதீர்கள். அணிலை எடுங்கள். நம் ஊர் அணில் லினோவுக்கென்றே பிறந்தது போல. சாம்பல் பழுப்பு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். உளியின் மூன்று இழுப்பு. ஆனால் அந்த மூன்று கோட்டையும் எத்தனை பேர் சரியாகப் பார்த்திருக்கிறோம்? வகுப்பில் பத்துப் பேரை வரையச் சொன்னால் ஒன்பது பேர் மூன்றையும் தலையிலிருந்து வால் வரை ஒரே நீளத்தில் இழுப்பார்கள். சுவரில் அடுத்த தடவை அணில் ஓடும்போது நன்றாகப் பாருங்கள். நடுக்கோடுதான் தலைப்பக்கத்திலிருந்து வால் வரை போகிறது. இரண்டு பக்கக் கோடுகளும் முன்கால் அருகே தொடங்கிப் பின்கால் அருகே முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செதுக்கினாலே அச்சில் இருப்பது நம் வீட்டு மதில்மேல் ஓடுகிற அதே அணில் ஆகிவிடும்.

அணிலைச் செதுக்குகிற வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற விலங்குகளுக்கும் இதேதான். முதலில் கண். மற்றதெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கண்ணில் கை வழுக்கினால் எட்டு மணி நேர வேலை போய்விடும். முதலிலேயே கண்ணைச் செதுக்கினால், பிசகினாலும் போவது கால் மணி நேரம். அணிலின் கண் கறுப்பு உருண்டை. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். கறுப்புக்குள் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, வானத்தின் வெளிச்சம். அந்தப் புள்ளியை உளியைத் தள்ளி எடுக்க முடியாது. மிகச் சிறிய யு உளியை, அதாவது வெட்டும் முனை யு எழுத்து மாதிரி வளைந்த உளியை, நட்டுக்குத்தாக ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் பிளாக்கை ஒரு சுற்று சுற்றுங்கள். கடுகளவு வட்டமாகக் கழன்று வரும். புள்ளி கண்ணின் நடுவில் வரக் கூடாது. நடுவில் வந்தால் பொம்மைக் கண். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்தீர்களோ அந்தப் பக்கம், கொஞ்சம் மேலே.

அப்புறம் மூன்று முதுகுக் கோடுகள். அகலமான யு உளியால் ஒரே மூச்சில். தயங்கித் தயங்கிப் போனால் கோட்டில் முடிச்சு விழும். அதன்பிறகு முனை வி எழுத்து வடிவில் இருக்கிற வி உளியை எடுத்து, கோடுகளுக்கு இடையில் உள்ள கறுப்பில் சின்னச் சின்ன வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் அரிசியில் பாதி நீளம்கூட இருக்கக் கூடாது. மயிர் எந்தத் திசையில் படிந்திருக்கிறதோ அந்தத் திசை. மூக்கிலிருந்து பின்னோக்கி, தோளில் வளைந்து, தொடையில் சுழன்று கீழே இறங்கும். உளியை மயிரின் வேரில் ஊன்றி நுனி நோக்கித் தள்ளி மெல்ல மேலே எடுத்தால், வெட்டு கூர்மையாக முடியும், மயிரும் அப்படித்தானே முடிகிறது. வால் வேறு கதை. அணில் வாலில் கறுப்பும் வெள்ளையுமாக நீள மயிர் கலந்து சிலிர்த்து நிற்கும். அங்கே வெட்டுகள் நீளமாக, வாலின் எலும்பிலிருந்து இருபுறமும் வெளியே விரிய வேண்டும். வாலின் ஓரத்தைக் கோடு போட்டு மூடிவிடாதீர்கள். வெள்ளை வெட்டுகள் பின்னணிக்குள் ஓடட்டும். வால் அசைகிற மாதிரி இருக்கும்.

சரி, இந்த லினோ என்பது என்ன? பல பேர் இதை ரப்பர் என்றோ பிளாஸ்டிக் என்றோ நினைக்கிறார்கள். தரைவிரிப்புதான் இது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூளும் மரப்பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் அழுத்திச் செய்வது. இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் என்பவர் 1863-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெயின்ட் டப்பாவின் மேல் காய்ந்து ஆடை கட்டியிருந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். லத்தீனில் லினம் என்றால் ஆளிச்செடி, ஓலியம் என்றால் எண்ணெய். இந்த வரலாறு உங்கள் உளிக்கும் தேவை. இது எண்ணெயால் ஆனது என்பதால், வயதாக ஆகக் காய்ந்து இறுகும். பழைய ஷீட்டை வளைத்தால் விரிசல் விடும், உளி பட்டால் பொடியாக உதிரும். வாங்கும்போது மெல்ல வளைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். ஆளிவிதை எண்ணெயின் வாசனை வர வேண்டும், பின்பக்கம் சணல் தெரிய வேண்டும். என்னிடம் ஒரு கடையில் ஆறு ஷீட் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆறும் ஓரத்திலிருந்து நொறுங்கின. அதிலிருந்து கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. இன்னொன்று, வீட்டுத் தரையில் ஒட்டும் பூப்போட்ட வினைல் விரிப்பு லினோ கிடையாது. அதில் செதுக்க முயன்று மனம் வெறுக்க வேண்டாம்.

குளிர் நாடுகளில் லினோவை இளக்குவதற்கு ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரை வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். மார்கழிக் காலையில் மட்டும், மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் ஒரு தடவை ஓட்டிவிடுவேன். மரத்தைப் போல இதில் நாரோட்டம் கிடையாது என்பதுதான் பெரிய வசதி. மரத்தில் ரேகைக்குக் குறுக்கே உளி போனால் பிளக்கும். லினோவில் எல்லாத் திசையும் ஒன்றுதான். பாம்பு, மீன், யானைத் துதிக்கை என்று வளைவாக இருக்கிற எதற்கும் இது தோது. அதற்கான விலை, மயிரிழை போன்ற கறுப்புக் கோட்டை லினோ தாங்காது. வெள்ளை மயிரிழை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். கறுப்புக் கோடு நிற்க வேண்டுமானால் அதன் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டுங்கள். வயல் வரப்பு மாதிரி அடி அகலமாக, மேலே குறுகலாக. செங்குத்தாக வெட்டிய கோடு மூன்றாவது அச்சிலேயே சாய்ந்துவிடும்.

உளி விஷயத்தில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது கூராக இருக்க வேண்டும். கூரான உளியில் லினோ நீளச் சுருளாக, சத்தமில்லாமல் எழும்பி வரும். மழுங்கிய உளி அழுத்தம் கேட்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் அடுத்து இருப்பது உங்கள் மற்றக் கை. ஆரம்பித்த இரண்டாம் வருடம் என் இடது கட்டைவிரல் அடியில் வி உளி இறங்கி மூன்று தையல் போட்டார்கள். செய்த தவறு, பிளாக்கைப் பிடித்திருந்த கையை உளிக்கு முன்னால் வைத்தது. இப்போது என்னிடம் வருகிற யாருக்கும் முதல் பாடம் அதுதான்: இரண்டு கையும் உளியின் முனைக்குப் பின்னால். இதற்கு ஒரு தாங்கு பலகை செய்துகொள்ளுங்கள். ஒரு பிளைவுட் துண்டு, கீழ்முனையில் ஒரு ரீப்பர் கட்டை மேஜை விளிம்பில் மாட்ட, மேல்முனையில் இன்னொரு ரீப்பர் பிளாக் முட்டி நிற்க. தச்சரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை. பிளாக்கைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே போய்விடும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள், பிளாக்கைத் திருப்புங்கள். தீட்டுவதற்கு ஒரு பழைய தோல் பெல்ட்டைக் கட்டையில் ஒட்டி, பச்சை பாலிஷ் பசையைத் தேய்த்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை உளியைப் பின்னோக்கி இழுத்தால் போதும். செட்டில் வரும் ஐந்து உளியும் எனக்கு ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை. ஒரு நல்ல வி, ஒரு நல்ல நடுத்தர யு, இந்த இரண்டுக்குக் காசு செலவழிக்கலாம்.

படத்தை லினோவில் ஏற்றும்போது இடவலம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். டிரேசிங் பேப்பரில் வரைந்து, அதைக் குப்புறப் போட்டு, கார்பன் வைத்துத் தேய்த்தால் அச்சில் சரியாக வரும். அதற்கு முன்பு லினோவின்மேல் நீர்க்க கலந்த இந்தியன் இங்க்கை ஒரு கோட் பூசிவிடுவேன். கறுத்த மேற்பரப்பில் வெட்டிய இடம் வெளிறித் தெரிவதால், அச்சு எப்படி வரும் என்று செதுக்கும்போதே பார்த்துவிடலாம். பிளாக்கே சிலேட்டு ஆகிவிடுகிறது.

இனி பறவைகள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வெட்டு இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் குருட்டுக்கொக்கு என்பார்கள். வயல் வரப்பில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது, பழுப்புக் கீற்றுகளோடு காய்ந்த புல்லோடு புல்லாகக் கலந்து, ஐந்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தப்பும். கிட்டே போனால் திடீரென்று எழும்பும். அந்த ஒரு நொடியில் இறக்கை இரண்டும் பளீரென்று வெள்ளை. இவ்வளவு வெள்ளையை இது எங்கே மறைத்து வைத்திருந்தது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். நான் அதைச் செதுக்கியபோது பறக்கிற தருணத்தைத்தான் எடுத்தேன். புல், வரப்பு, பறவையின் முதுகு எல்லாவற்றுக்கும் ஒரே வகைச் சின்ன வி வெட்டுகள், எது புல் எது முதுகு என்று தெரியாத மாதிரி. இறக்கைக்கு மட்டும் அகல யு உளியால் முழுசாக வாரி எடுத்துவிட்டேன், உள்ளே ஒரு கோடு கிடையாது. எனக்கு அந்த அச்சு பிடிக்கும். இறகு இறகாக வரைய எனக்கும் ஆசை இருந்தது. வரைந்திருந்தால் அந்தப் பளீர் செத்துப்போயிருக்கும்.

இப்படியே யோசியுங்கள். யானைத் தோலுக்குக் குறுக்கும் நெடுக்குமான நடுங்கும் கோடுகள். எருமைக்கு ஏறக்குறைய வெட்டே வேண்டாம். நனைந்த முதுகின் மேல் நாலு மினுக்கங்களும் கொம்பின் வளையங்களும் போதும், மீதி கறுப்பு எருமைக்கே சொந்தம். மீனுக்குச் செதிலைத் தலையிலிருந்து வால் வரை நிரப்பாதீர்கள். முதுகில் மட்டும் பிறை பிறையாகப் போட்டு வயிற்றை வெள்ளையாக விடுங்கள். மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு வாலின் பிளவு ஒன்றே முகவரி. பின்னணியில் வெறும் வெளியை வாரி எடுக்கும்போது உளித்தடங்கள் அங்கங்கே மேடாக நின்று மை வாங்கும். அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். அந்தத் தடங்களைக் காற்று வீசும் திசையிலோ தண்ணீர் ஓடும் திசையிலோ திருப்பிவிட்டால், எதுவும் வரையாமலே காற்றும் தண்ணீரும் வந்துவிடும்.

போனில் எடுத்த படத்தை அப்படியே டிரேஸ் செய்வது பற்றி. அடுத்தவர் எடுத்த படமாக இருந்தால் அது அவருடைய உழைப்பு, அச்சு எடுத்து விற்க நமக்கு உரிமை இல்லை. சொந்தப் படமாக இருந்தாலும் நான் டிரேஸ் செய்வதில்லை. போட்டோவில் ஆயிரம் சாம்பல் நிறங்கள் இருக்கின்றன, லினோவில் இரண்டே நிறம். எது கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்ற தீர்ப்பைப் போட்டோ தராது. நேரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்தால், நினைவே பாதி வேலையைச் செய்துவிடும். தேவையில்லாததை அது வைத்துக்கொள்வதில்லை. சந்தேகம் வரும்போது மட்டும் போட்டோவைத் திறப்பேன். கால்விரல் எத்தனை, அலகு எங்கே வளைகிறது என்று.

பார்க்காமல் செய்தவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1515-ல் குஜராத் சுல்தான் பரிசாகக் கொடுத்த ஒரு காண்டாமிருகம் கப்பலில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வந்து சேர்ந்த ஒரு வர்ணனையையும் ஓவியத்தையும் வைத்து மர அச்சுக்கு வரைந்தார். போர்க்கவசம் மாட்டியது போன்ற தோல், தோளில் நிஜத்தில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. தவறுகள் இருந்தும் ஐரோப்பா பல தலைமுறைகளுக்குக் காண்டாமிருகம் என்றால் அதையே நினைத்தது. கோட்டின் உறுதிக்கு அவ்வளவு பலம். உங்களுக்கு அவரைவிட ஒரு வசதி இருக்கிறது, உங்கள் விலங்கு மதில்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்த்துக் கற்க யாரைப் பார்ப்பது என்றும் கேட்பீர்கள். வெள்ளைக் கோட்டுக்கு முதலில் ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் தண்டி யாத்திரைக்காகச் செய்த காந்தி. லினோதான் அது. கறுப்புத் தளத்தில் தடியூன்றி நடக்கும் உருவம், எண்ணிவிடக்கூடிய வெள்ளைக் கோடுகள். விலங்கு இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு நடையை எத்தனை குறைவான கோட்டில் கொண்டுவரலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. விலங்குகளுக்கு நமீபியாவின் ஜான் முவாஃபாங்கேஜோ. தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் இருந்த கலை மையத்தில் படித்தவர், 1987-ல் இறந்தார். யானை, சிங்கம், மனிதர் எல்லாம் தட்டையான கறுப்பு உருவங்களாக, நடுவில் கையெழுத்தில் வாசகங்களோடு இருக்கும். பறவைகளுக்கு இங்கிலாந்தின் ராபர்ட் கில்மோர். பிரிட்டன் அஞ்சல் துறைக்காக 2010-ல் தொடங்கிய பறவைத் தபால்தலை வரிசைக்கு லினோவில் படங்கள் செய்தவர். தபால்தலை அளவுக்குச் சுருங்கியும் எந்தப் பறவை என்று தெரிகிறதென்றால், எதை விட வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில் ஆலிக் டிபோட்டி போன்றவர்கள் கடற்பசுவையும் ஆமையையும் செதுக்குகிறார்கள். மரத்தில் செதுக்கிய முன்னோரின் கோலங்களை லினோவில் இழை இழையாக நிரப்பி, கடல் எது உடல் எது என்று பிரிக்க முடியாத அடர்த்தியில் இருக்கும். என் ரசனை முவாஃபாங்கேஜோ பக்கம்தான். சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்துக்குப் போய் அச்சோவியங்களை நேரில் பாருங்கள். திரையில் பார்க்கும்போது மையின் தடிமன் தெரியாது, நேரில் பார்த்தால் கறுப்புக்கு ஓர் உடம்பு இருப்பது தெரியும்.

அச்செடுப்பதற்கு வருவோம். பிரஸ் வேண்டாம். என் அச்சுகளில் முக்கால்வாசி கரண்டியால் எடுத்தவை.

மையில் தண்ணீரில் கரைவது, எண்ணெய் மை என்று இரண்டு வகை. தண்ணீர் மை கழுவ எளிது, ஆனால் நம் வெயிலில் பாதி தேய்த்து முடிக்கும் முன்பே காய்ந்துபோகும், அச்சு சொரசொரப்பாக வரும். குழந்தைகளோடு செய்தால் அதுவே நல்லது. மற்றபடி நான் சொல்வது ஆஃப்செட் அச்சகங்களில் பயன்படுத்தும் கறுப்பு மை. நம் நாட்டில் அச்சுக்கலைஞர்கள் பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அச்சுப் பொருள் கடைகளில் டின்னில் கிடைக்கும், ஒரு டின் வருடக்கணக்கில் வரும். கொஞ்சம் ஒட்டுகிற மை அது, காகிதத்தைப் பிய்த்தால் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. மண்ணெண்ணெய் அறை முழுக்க நாறும், எனக்குத் தலைவலி வந்துவிடும்.

ஒரு கண்ணாடித் துண்டில் சுண்டுவிரல் நகம் அளவு மையை வைத்து ரோலரால் உருட்டுங்கள். இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மை அதிகமாக இருந்தால் ரோலர் சளக் சளக் என்று ஈரமாகச் சத்தம் போடும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த நிலையில் பிளாக்கில் ஏற்றினால் உங்கள் அரிசி வெட்டுகள் எல்லாம் அடைந்துபோகும். உங்கள் ஆந்தைக்கு இதுவும் நடந்திருக்கிறது, சிறகுப் பக்கம் சில வெட்டுகள் பாதி மூடியிருப்பது தெரிகிறது. உருட்ட உருட்டச் சத்தம் மாறும். தோசைக்கல்லில் மாவு விழுந்ததும் வருகிற மெல்லிய சர்ர் போல ஒரு சத்தம், சீராக. மை பட்டுத்துணி மாதிரி தெரியும். அப்போது பிளாக்கில் ஏற்றுங்கள், மெல்லிய படலமாக ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் திசை மாற்றி. புது பிளாக்கின் முதல் இரண்டு மூன்று அச்சுகள் வெளிறித்தான் வரும். லினோ மையைக் குடித்துப் பழக வேண்டும். அவற்றை நியூஸ்பிரின்டில், அதாவது செய்தித்தாள் அச்சிடும் காகிதத்தில் எடுங்கள்.

காகிதம் மெல்லியதாக, வழவழப்பாக, நீண்ட நாரோடு இருக்க வேண்டும். கையால் தேய்ப்பதற்கு நேபாளக் காகிதம் நன்றாக ஒத்துழைக்கும். கனமான கைத்தயாரிப்புக் காகிதம் பார்க்க அழகு, ஆனால் அதன் மேடுபள்ளத்துக்குள் கரண்டியால் மையை இறக்க முடியாது, அதற்குப் பிரஸ் வேண்டும். காகிதத்தை பிளாக்கின்மேல் போட்டதும் அசைக்கக் கூடாது. மேலே ஒரு பட்டர் பேப்பர். அதன்மேல் மரக்கரண்டியின் முதுகாலோ எவர்சில்வர் கரண்டியின் முதுகாலோ சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். உள்ளங்கை அகல பிளாக்குக்கு ஐந்து நிமிடம், நோட்டுப் புத்தக அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அவசரப்படாதீர்கள். பட்டர் பேப்பரைத் தூக்கிப் பார்த்தால், மெல்லிய காகிதத்தின் பின்பக்கம் மை ஏறிய இடம் லேசாகக் கறுத்துத் தெரியும், ஏறாத இடம் வெளிறியிருக்கும். ஒரு கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமூலையை மட்டும் தூக்கி எட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் அப்படியே மறுபடி படுக்க வைத்துத் தேயுங்கள். கறுப்பு போதும் என்று தோன்றும்போது, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். மை பிரிகிற மெல்லிய சத்தம் கேட்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தத்தில் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

காய்வதற்குக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கோடையில் மூன்று நாலு நாள், ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள்கூட ஆகும். காய்ந்தபின் படத்துக்குக் கீழே பென்சிலில் இடதுபக்கம் எண், 3/20 என்றால் இருபதில் மூன்றாவது, நடுவில் தலைப்பு, வலதுபக்கம் கையெழுத்து. அவ்வளவுதான்.

வண்ணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஒரே பிளாக்கைக் கொண்டு பல நிறம் அச்சிடும் முறை ஒன்று உண்டு. 1950-களின் இறுதியில் பிக்காஸோ தெற்கு பிரான்சில் இருந்தபோது, வல்லோரிஸ் ஊரின் ஹிதால்கோ ஆர்னேரா என்ற அச்சகக்காரரோடு சேர்ந்து இதில் நிறைய வேலை செய்தார். முதலில் வெள்ளையாக வேண்டியதை வெட்டிவிட்டு எல்லாப் பிரதிகளையும் மஞ்சளில் அச்சிடுவீர்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை வெட்டிவிட்டு அதே காகிதங்களின்மேல் பச்சை. பச்சையாக நிற்க வேண்டியதை வெட்டிவிட்டுக் கறுப்பு. கடைசியில் பிளாக்கில் கறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், திரும்பிப் போக வழியில்லை. பச்சைப் பஞ்சுருட்டான் என்ற பறவையை இப்படிச் செய்தேன். அதன் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடும், அழகே அதுதான். இரண்டாம் கட்டத்தில் கவனம் தப்பி, கழுத்தை வெட்டும்போது அந்தப் பட்டையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பதினான்கு காகிதம், மூன்று வாரம், ஒன்றுகூடத் தேறவில்லை. இப்போது வண்ணப்படம் ஒன்றை வரைந்து பக்கத்தில் ஒட்டிவைத்து, எந்த இடம் எந்தக் கட்டத்தில் போகும் என்று எண் போட்டுவிட்டுத்தான் உளியைத் தொடுகிறேன். பத்துப் பிரதி வேண்டுமானால் பதினைந்தில் தொடங்குகிறேன். கறுப்பு வெள்ளையில் ஒரு இருபது பிளாக் முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

அந்த ஆந்தை பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இன்னும் நிறையக் கறுப்பு இருக்கிறது, அதாவது இன்னும் நிறைய வெட்ட இடம் இருக்கிறது. எண்ணெயால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அடைந்திருக்கும் வெட்டுகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் திறந்துவிடுங்கள். உடம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். முகத்துக்கு மட்டும், இரண்டு கண்களிலிருந்தும் சைக்கிள் சக்கரத்தின் கம்பி மாதிரி வெளியே விரிகிற வி வெட்டுகள், கண்ணருகே நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு. அலகின் மேல்முனையில் ஒரே ஒரு கீற்று. நெற்றியிலும் ஒரு தோளிலும் மட்டும் வெளிச்சம். பத்து வெட்டுக்கு ஒரு தடவை, கரண்டியும் நியூஸ்பிரின்டும் எடுத்து ஓர் அச்சு பாருங்கள். அந்த அச்சுகளைத் தேதி போட்டு வரிசையாக வைத்து, நாலு சேர்ந்ததும் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்து எங்கே வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.